சொட்டையை விட்டுவிட்டு எடுத்த மண்

என் அக்காவுக்குத் தன் புருஷன் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் கீரை. இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டுக்கு வந்து சேராத கீரை.

"சனிக்கிழமை ஆனா போதும், முக்குல உட்கார்ந்திருக்கிற கீரைக்காரிகிட்ட கூடையோட வாங்குறாராம்டா. எதிர்வீட்டுக்காரி ரெண்டு தடவை பார்த்துட்டா. வீட்டுக்கு ஒரு இலை வரல. கீரையே சமைக்காதே, எனக்கு ஒத்துக்கலன்னு வேற சொல்லிட்டார். அப்ப அத்தனை கீரையும் யார் வீட்டு அடுப்புல வேகுது?"

நெருப்பில்லாமல் புகையாது என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாமாவைப் போய் ஒருத்தர் சந்தேகப்படுவதா? உலகத்தில் சந்தேகப்படும் வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் அவர்.

மாமா அரசாங்க மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷமாக மண் எடுக்கிறவர். நானும் அங்கேதான் டைப்பிஸ்ட். நிலத்துக்குப் போய் மண் எடுத்து வருவது அவர் வேலை. உள்ளே இருக்கிறவர்கள் சோதித்துச் சொல்வதை அறிக்கையாக அடித்துக் கொடுப்பது என் வேலை. ஆபீசில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். மண்ணைக் கையில் எடுத்தால் முதலில் மூக்குக்குத்தான் போகும். விரலால் நசுக்கி, முகர்ந்து, தலையைச் சாய்த்து ஒரே கேள்வி கேட்பார்: "இது எங்கே எடுத்தது?"

மண்ணோடு நின்றால் பரவாயில்லை. பால்காரரிடம் அதே கேள்வி. தக்காளிக்கடையில் அதே கேள்வி. எனக்கு வேலை கிடைத்து, டைப்பிங் சான்றிதழை ஆசையாகக் காட்டியபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கே எடுத்தது?" என்றார். அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு விவசாயி நல்ல அறிக்கை வேண்டும் என்று பக்கத்து வயல்கார மச்சானின் மண்ணைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மாமா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது உங்க மச்சான் வயல் மண்ணு. உங்களுதைக் கொண்டாங்க" என்றார். அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். மாமாவுக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. அந்த மச்சான் வயலில் போன வாரம்தான் மண் எடுத்திருந்தார்.

மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நிலத்தில் நேராக நடக்கக் கூடாது, கோணல்மாணலாக நடக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடத்தில் மண்வெட்டியால் ஆழமாக ஒரு வெட்டு. வெட்டின சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல். எல்லாச் சீவலையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலக்கி, வட்டமாகப் பரப்பி, விரலால் குறுக்கே கோடு போட்டு நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலக்கு, மறுபடி பிரி. கடைசியில் ஒரு சின்னப் பை மண் மிஞ்சும். ஒரு நிலம் முழுக்க அந்தப் பைக்குள் அடங்கிவிட்டது என்று கணக்கு.

எருக்குழி ஓரம், வரப்பு, மரத்தடி இங்கெல்லாம் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்போம். அதன் கடைசி வரி: 'வித்தியாசமாகத் தெரியும் இடங்களைத் தவிர்க்கவும்.' எட்டு வருஷத்துக்கு முன்னால் அட்டையைச் சின்னதாக்க வேண்டும், ஒவ்வொரு விதியும் ஒரே வரியில் முடிய வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அடித்துக் கொடுத்தவன் நான்.

அக்கா நச்சரித்ததில் நானும் மாமாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பின்கட்டில் பழைய மண் பைகள் வைக்கிற கிடங்கு ஒன்று உண்டு. அதன் சாவி எப்போதும் ஆணியில் தொங்கும். இப்போது மாமாவின் இடுப்பில் தொங்குகிறது. கிடங்கிலிருந்து காய்ந்த புல் வாடை வருகிறது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுகிறார். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மதியம் அவர் சைக்கிளை எடுத்ததும் நான் கொஞ்சம் விட்டுப் பின்னால் போனேன். முக்கில் கீரைக்காரி சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் அவள் மகள், நாலு வயசுப் பெண், நீலத் துணியைக் கிழித்த நாடாக்களை ஒவ்வொன்றாக அம்மாவிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீரைக்காரி கீரையைக் கட்டுவது அந்த நாடாவால்தான். எனக்குத் தெரியும், புதன்கிழமை புதன்கிழமை என் வீட்டுக்கும் அவளிடம்தான் வாங்குவேன். அந்தப் பெண்ணோடு விளையாட்டுக்குப் பேசிப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லாது. "பேச்சு கொஞ்சம் லேட்டு சார், வந்துடும்" என்பாள் அம்மா.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த கீரை மொத்தத்தையும் கோணிக்குள் போட்டார். அந்தக் குழந்தையை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேறு எங்கும் திரும்பாமல் நேராக ஆபீசுக்கே சைக்கிளை விட்டார்.

பூட்டியிருக்கிற ஆபீசுக்குள் கீரையோடு ஒரு மனுஷன் என்ன செய்வான்? நான் பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கிடங்கு வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; பிடித்த பிறகும் என்ன பிடித்தோம் என்று புரியவில்லை. சுவரோரமாக வரிசையாகக் கோணிகள். எல்லாவற்றிலும் காய்ந்து சருகான கீரை, கட்டு அவிழ்க்காமல், நீல நாடாவோடு. ஒவ்வொரு கோணிக்கும் எங்கள் ஆபீஸ் மண் பைக்குக் கட்டுகிற சீட்டு. தேதி, கிழமை, இடம், கையெழுத்து.

"வா. உங்க அக்கா அனுப்பினாளா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"என்ன மாமா இது?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். கட்டைவிரல் அகலம், தடிமனாக இருந்தது. அதன் மேல் ஒரு கூட்டல் குறி எழும்பி நின்றது.

"பேட்டரி ஓடு. ரெண்டு மாசத்துக்கு முன்னால அந்தப் பொண்ணுகிட்ட கீரை வாங்கினேன். வேர் மண்ணுல இது ஒட்டிக்கிட்டு இருந்தது. இது எங்கே எடுத்ததுன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க நல்ல மண்ணுன்னு எழுதிக் கொடுத்தீங்களே சார், அந்த இடம்தான்'னா."

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை அது. ஊருக்கு வெளியே ஒரு நிலம். இடத்துக்காரர் குத்தகைக்கு விடுவதற்காக மண் சோதிக்கச் சொல்லியிருந்தார். மாமா போனார். நிலமெல்லாம் புல் இருக்க, நடுவில் லேசான மேடாக ஒரு சொட்டை. புல் பூண்டு இல்லை. முகர்ந்தால் ஒரு புளிப்பு வாடை. கேட்டதற்கு இடத்துக்காரர், "அங்க உப்பு மூட்டை அடுக்கியிருந்தோம்" என்றார். ஊரில் ஒருத்தர் சொல்வதையும் நம்பாத மாமா அதையும் நம்பவில்லை.

"சந்தேகம் வந்ததுடா. நல்லாவே வந்தது. ஆனா மணி பன்னெண்டே முக்கால். ஒரு மணிக்கு பஸ். விட்டா நாலு மணிக்குத்தான் அடுத்தது. வெயில் மண்டையைப் பொளக்குது. வித்தியாசமான இடத்தைத் தவிர்க்கணும்னுதானே விதி இருக்குன்னு நினைச்சேன். அந்தச் சொட்டையை விட்டுட்டு மத்த இடத்துல எடுத்தேன். பஸ்ஸையும் பிடிச்சுட்டேன்."

அறிக்கை வந்தது. 'சாகுபடிக்கு ஏற்றது' என்று அடித்தவன் நானேதான். அதை நம்பித்தான் கீரைக்காரியும் அவள் புருஷனும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நடுவிலிருந்த மேட்டை வெட்டி நிலம் பூராவும் நிரவினார்கள். அங்கே முன்பு பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாமா மண்ணையும் கீரையையும் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குத் தன் வீட்டுக் கொல்லை என்று பொய் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தாள் அலமாரியில் இருந்தது. ஈயம், இருக்கலாம் என்கிற அளவைப் போலப் பல மடங்கு. மண்ணில் மட்டும் இல்லை, இலையிலும். சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளையில் போய் உட்காரும் என்று மாமா சொன்னார். "கழுவினா போகாது. வேக வெச்சாலும் போகாது."

"மாமா," என்றேன். "என் வீட்டுலயும் இந்தக் கீரைதான். பாப்பா விரும்பிச் சாப்பிடும்."

அவர் அப்படியே ஒரு கோணி மேல் உட்கார்ந்துவிட்டார். "நீ கடைத்தெருவுல வாங்குறேன்னு இல்ல நினைச்சேன்" என்றார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற மனுஷன், சொந்த மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கத்தினேன். கோணியைக் காலால் உதைத்தேன். காய்ந்த இலை பறந்தது. "உதைக்காதே, தூசி மூக்குக்குள்ள போகும்" என்றார். அதற்கும் கத்தினேன்.

கத்தி ஓய்ந்த பிறகு கேட்டேன். "இதை ஏன் இங்க சேர்த்து வெச்சிருக்கீங்க? குப்பையில போட வேண்டியதுதானே?"

"குப்பை எங்க போகும்?"

"குப்பைமேட்டுக்கு."

"அங்க மாடு மேயும்."

"எரிச்சிடலாம்."

"சாம்பல் எங்க போகும்?"

ஆற்றில் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். "வெளியே கொட்டு, வெளியே கொட்டுன்னு எல்லாரும் சொல்றோம். அந்த 'வெளியே' எங்க இருக்குடா? நானும் முப்பது வருஷமா எல்லா இடத்துலயும் நடந்துட்டேன். எங்க போனாலும் யாரோ குடியிருக்காங்க, இல்ல ஏதோ ஒண்ணு மேயுது. அந்தக் கொட்டகைக்காரனும் வெளியேன்னு நினைச்சுத்தான் கொட்டினான். அது அந்தப் பொண்ணோட நிலம்."

அதிகாரியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாராம். "சத்து பார்க்கிற இடம்யா இது, விஷம் பார்க்கிற இடம் இல்ல. விதிப்படிதானே எடுத்தே? அப்புறம் என்ன?" என்று அவர் முடித்துவிட்டார். மாமாவுக்கு ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தது. வெளியே சொன்னால் முதலில் தன் தலை உருளும் என்று பயம். அந்தப் பெண்ணின் பிழைப்பு போகும் என்றும் பயம். எது முதல் பயம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதில் சந்தேகம் இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். அதனால் தன்னால் முடிந்ததாகச் சனிக்கிழமைக் கீரையை மட்டும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டிவிடுமா?

கிளம்பும்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய அட்டை கண்ணில் பட்டது. நான் டைப் அடிப்பதற்கு முந்தைய அட்டை. கடைசி விதியைப் படித்தேன். 'வித்தியாசமாகத் தெரியும் இடங்களைத் தவிர்க்கவும். அங்கே தனியாக மண் எடுத்துத் தனிப் பையில் அனுப்பவும்.' இரண்டாம் பாதி ஒரே வரிக்குள் அடங்கவில்லை என்று வெட்டியவன் நான்.

"மாமா, இது என் தப்பும்தான்."

"உன் தப்பு தனி. அதைச் சொல்லி என்னைக் காப்பாத்தாதே. நான் வேலை கத்துக்கிட்டது பழைய அட்டையில. முழு வரியும் எனக்குத் தெரியும்."

வீட்டுக்குப் போனேன். மகள் பொம்மைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலின் நுனியில் நீல நாடா. கீரைக்கட்டு நாடாவை அவள் வீணாக்கவே மாட்டாள்.

அக்காவிடம் போனில், "நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "அப்ப என்ன மாதிரி?" என்றாள். மாமாவையே கேட்டுக்கோ என்று போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மாமா சட்டையை மாற்றிக்கொண்டு, அந்த வெளியூர்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் கீரைக்காரி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக என்னிடம் சொன்னார். மத்தியானம் வரை பொறுக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்குக் கீரைக்காரியே வந்து நின்றாள், இடுப்பில் மகளும் கையில் ஒரு மண் பையுமாக.

"சார், கீரை நல்லாப் போகுது. நீங்க ஒருத்தரே கூடையோட வாங்குறீங்களே! பக்கத்துத் துண்டையும் எடுக்கலாம்னு இருக்கோம். மண்ணு கொண்டுவந்திருக்கேன், பார்த்துச் சொல்லுங்க." எங்கள் அட்டையை எடுத்து நீட்டினாள். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்திருந்தது. "இதுல போட்டிருக்கிற மாதிரியேதான் எடுத்தேன். அங்கயும் ஒரு சொட்டை இருக்கு. அதை விட்டுட்டுத்தான் எடுத்திருக்கேன்."

மாமா பையை வாங்கவில்லை. முகரவும் இல்லை. எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, மேடு, ஈயம், ஒரு மணி பஸ். பஸ்ஸைக்கூட விடவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"இடத்துக்காரர் சொல்லி அனுப்பினாரா சார்?"

"இல்லம்மா."

"அவருக்கு மனை போடணும்னு ஆசை. நாங்க போனாத்தானே போட முடியும்? கெட்ட மண்ணுன்னு சொன்னா ஓடிடுவோம்னு பார்க்குறீங்களா? நல்ல மண்ணுன்னு எழுதினதும் நீங்கதான், கெட்ட மண்ணுங்கிறதும் நீங்கதான். எந்தக் கையை நான் நம்புறது?"

"அந்தத் தாளைப் பாரும்மா" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"தாளா? போன தடவையும் தாள்தான் கொடுத்தீங்க. என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடாதீங்க சார்."

முப்பது வருஷம் யாரையும் நம்பாதவர், தன்னை ஒருத்தி நம்ப வேண்டும் என்று கைகட்டி நின்றார். அவள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மாமா இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். "ஒரு நிமிஷம் வாம்மா. அப்புறம் நம்பு, நம்பாம போ" என்றார்.

கிடங்கைத் திறந்தார். அவள் உள்ளே போய் முதல் கோணியின் வாயைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரித்தாள். ஒரு கட்டை எடுத்து நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு அவள் போட்டது. அதைப் பார்த்ததும் தாளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு கூடைக் கீரையைக் காசு கொடுத்து வாங்கி, ஒரு இலைகூட வாயில் வைக்காமல், மாட்டுக்கும் போடாமல், யாராவது சும்மா பூட்டி வைப்பார்களா? இடுப்பிலிருந்த குழந்தை நாடாவைப் பிடித்து இழுக்கப் பார்த்தது. அதன் கையைத் தட்டிவிட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் சனின்னுதான் போட்டிருக்கு."

"ஆமாம்மா. எனக்குச் சனிக்கிழமைதான் அரை நாள்."

"மத்த ஆறு நாள் கட்டு எங்க சார்?"

அவள் கடைசிச் சீட்டையும் திருப்பிப் பார்த்தாள்.

"விக்காம மிஞ்சினதை ராத்திரி இவளுக்கு ஆக்கிப் போடுவேனே, அந்தக் கட்டு எங்க சார்?"

அவள் சத்தம் போடவில்லை. வெறுமனே கேட்டாள். இது எங்கே எடுத்தது என்று ஊரைக் கேட்டவர், "தெரியாதும்மா" என்றார். "பாப்பாவை நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம். ரத்தம் பார்க்கணும். நானும் வர்றேன்." நானும் என் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. வரேன் என்று மட்டும் சொன்னாள். மண் பையை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மாமா சொல்லச் சொல்ல நான் கடிதம் அடித்தேன். மேலதிகாரிக்கு ஒன்று, சுகாதாரத் துறைக்கு ஒன்று. இடத்துக்காரர் சொன்ன உப்பு மூட்டைக் கதை, வெளியூர்த் தாளின் நகல், கிடங்கில் இருக்கும் கோணிகள் எல்லாம் வந்தன. தன்னைப் பற்றி மூன்றே வாக்கியம் சொன்னார். 'வித்தியாசமான இடம் ஒன்று இருந்தது. பார்த்தேன். விட்டுவிட்டேன்.'

எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து மாதம்தானே இருக்கிறது. 'விட்டுவிட்டேன்' என்பதற்கு முன்னால் 'விதிப்படி' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். பொய் ஒன்றும் இல்லையே, அட்டையிலேயே இருக்கிறதே.

மாமா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்கே எடுத்தது?"

நான் அந்த வார்த்தையை அழித்தேன். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே அட்டையைப் பற்றி என் பங்குக்கு ஒரு வாக்கியம் அடித்து நானும் கையெழுத்துப் போட்டேன்.